தம்பி வீட்டுக் கிணறு

பிப்ரவரி 3, செவ்வாய்

இடுப்பு விட்டுப்போய்விட்டது. கேன் ஏற்ற வருகிற ஆள் இன்றும் வரவில்லை. நானும் வீட்டுக்காரருமே வேனில் ஏற்றி, தெருவில் ஒவ்வொரு வாசலாக இறக்கினோம். அவருக்கு முட்டி வலி, எனக்கு இடுப்பு. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் தேறும்.

மேட்டில் இருக்கும் டீசல் கிடங்கின் நிலத்தடித் தொட்டி ஓட்டையாகி, டீசல் எங்கள் தெருக் கிணறுகளில் இறங்கிவிட்டது. கெட்டுப்போன கிணறு உள்ள வீடுகளுக்குக் கிடங்குக்காரர்களே குடிதண்ணீர் கேன் தருகிறார்கள். அதைச் சுமக்க வாடகைக்குப் பிடித்தது என் வேனை. என் கிணற்றைக் கெடுத்தவனுக்கே நான் வண்டி ஓட்டுகிறேன். இதைவிடக் கேவலம் உண்டா என்று தினமும் காலையில் கேட்டுக்கொள்கிறேன். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். நான் ஓட்டாவிட்டால் வேறு எவனாவது ஓட்டுவான், பாதிக் கேனை வழியிலேயே விற்பான்.

வீட்டுக்காரர் பஸ் பட்டறையில் டீசல் நெடியிலேயே காலம் தள்ளியவர். கிணறு நாறத் தொடங்கியபோது தெருவே மூக்கைப் பொத்தியது. இவர் மட்டும் அந்தத் தண்ணீரில் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே, "நல்லாத்தானே இருக்கு?" என்றார். இவரைக் கட்டிக்கொண்டு நான் பட்ட பாட்டில் இது ஒரு துளி.

பிப்ரவரி 6

தம்பி வீட்டுக்குக் கேன் கிடையாதாம். மறுபடியும் அதே பதில்.

போன வருடம் எடுத்த சோதனையில் அவன் கிணறு தேறிவிட்டது. தேறிய வீட்டுக்குத் தண்ணீர் இல்லை, தேறாத வீட்டுக்கு உண்டு. என் கிணற்றுக்கும் அவன் கிணற்றுக்கும் நடுவில் ஒரு சுவர், அவ்வளவுதான். டீசல் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, மன்னிக்கணும், வீடு மாறி வந்துட்டேன் என்று திரும்பிப் போய்விடுமா?

கிடங்கு அதிகாரியிடம் இதைத்தான் கேட்டேன். சட்டைப்பையில் எப்போதும் மூன்று பேனா வைத்திருப்பார். எதிலும் எழுதி நான் பார்த்ததில்லை. தெருவில் அவருக்குப் பெயரே மூணுபேனாதான். "உங்க தம்பி அதிர்ஷ்டசாலிம்மா. சந்தோஷப்படுங்க" என்றார். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். வேன் வாடகை அவர் கையில் இருக்கிறது.

தம்பி பெண்டாட்டிக்கு இது ஏழாவது மாதம். ஏற்கெனவே இரண்டு தங்கவில்லை. அவள் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத் தொடமாட்டேன் என்கிறாள். தம்பிக்குத் தன் கிணறு என்றால் உயிர். கோடையில் தெருவே அவன் வீட்டில்தான் வந்து மொண்டுகொண்டு போகும், அதில் அவனுக்கு ஒரு மிதப்பு. அவள் எதிரிலேயே ஒரு செம்புத் தண்ணீரைக் கடகடவென்று குடித்துக் காட்டினான்.

"நீங்க குடிங்க. உங்க வயித்துல பிள்ளை இல்ல" என்றாள்.

கடையில் வாங்குகிறான்தான். வாரத்தில் பாதி நாள் வேலையில்லாத பெயிண்டர் எத்தனை நாள் வாங்குவான்?

பிப்ரவரி 7

என் பங்கிலிருந்து ஒரு கேன், சுவருக்கு மேலே தூக்கிக் கொடுத்தேன். இனி தினமும் கொடுப்பேன். எவன் கேட்கிறான் பார்க்கலாம்.

பிப்ரவரி 19

கேட்டுவிட்டான்.

ஒவ்வொரு கேனிலும் அந்தந்த வீட்டு எண்ணைச் சிவப்பு பெயிண்டில் எழுதியிருக்கிறார்கள். மூணுபேனா திடீரென்று ஆய்வுக்கு வந்தார். தம்பி வீட்டுப் பின்கட்டில் என் வீட்டு எண் போட்ட காலிக் கேன் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதைத் திருப்பிப் போடக்கூடவா அவனுக்குத் தெரியாது?

"இந்தத் தண்ணி பாதிக்கப்பட்டவங்களுக்கு மட்டும்மா. இன்னொரு தடவை பாத்தேன்னா உங்க வீட்டுக்கும் நிறுத்திடுவேன்."

"வாயும் வயிறுமா இருக்கறவ பாதிக்கப்பட்டவ இல்லையா சார்?"

"சோதனை என்ன சொல்லுதோ அதான்."

"சோதனை தண்ணி குடிக்குமா சார்?"

வீட்டுக்காரர் பின்னால் நின்று என் முந்தானையை இழுத்தார். நான் நிறுத்தவில்லை. அவரும் இழுப்பதை நிறுத்தவில்லை.

பிப்ரவரி 21

வீட்டுக்காரர் வாயே திறக்காமல் காரியம் செய்கிற ஆள். நேற்று எங்கேயோ போய் ஒரு கட்டு உப்புத்தாள் வாங்கி வந்தார். வேனில் இருந்த காலிக் கேன்களை ஒவ்வொன்றாக மடியில் வைத்து எண்களைத் தேய்த்து எடுத்துவிட்டார். பார்த்த பக்கத்து வீடுகளும் தங்கள் கேன்களைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, உட்கார்ந்து தேய்த்துக் கொடுத்தார்கள். கல்யாண வீட்டில் காய் நறுக்குகிற மாதிரி ஒரே பேச்சும் சிரிப்பும்.

இன்று மூணுபேனாவுக்கு முகம் தொங்கிப்போயிற்று. "எண்ணெல்லாம் எங்க?"

தெருமுனையில் கோழிக்கடை வைத்திருப்பவர் பதில் சொன்னார்: "கோழி கொத்திருக்கும் சார்."

பிப்ரவரி 24

அவர்கள் சும்மா இருப்பார்களா? மிச்சம் இருப்பதால்தானே பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிறீர்கள் என்று, தலைக்கு இவ்வளவு என அளந்து குறைத்துவிட்டார்கள். இப்போது எங்களுக்கே சமைக்கக் குடிக்கச் சரியாக இருக்கிறது. தம்பி வீட்டுக்குக் கொடுக்க ஒரு செம்பு மிஞ்சினால் பெரிது.

இரண்டு வீட்டில் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அன்றைக்கு உட்கார்ந்து தேய்த்த கைகள்தான் அவை.

மார்ச் 4

தம்பி மறுசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறானாம். எனக்கே இன்றுதான் தெரியும். நல்ல காரியம் செய்தாய் என்று சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவசரமாக உள்ளே போய்விட்டான்.

சோதனைக்கூடத்திலிருந்து கண்ணாடிக் குப்பிகளோடு வந்து தண்ணீர் எடுத்துப்போகிற பெண், குப்பிக்காரி என்றுதான் நாங்கள் கூப்பிடுவது, அவன் கிணற்றில் குப்பியை நிரப்பிவிட்டு முகர்ந்து பார்த்தாள். முகம் மாறியது. என்னைப் பார்த்தாள். மூடியைத் திருகினாள்.

அப்படியென்றால் கெட்டுவிட்டதா? அப்படியென்றால் கேன் கிடைக்குமா? எதற்கு வருத்தப்படுவது, எதற்குச் சந்தோஷப்படுவது என்றே தெரியவில்லை.

மார்ச் 12

பாவி. பாவி. பாவி.

அவன் கிணற்றில் இருப்பது பெட்ரோல்.

மூணுபேனா தெருவில் நின்று எல்லோர் காதிலும் விழும்படிச் சொன்னார். "கிடங்குல டீசல் தவிர வேற எதுவும் வெச்சதே இல்லம்மா. பெட்ரோல் எங்கேர்ந்து வந்துச்சு? பைக்லேர்ந்தா?" சொல்லிவிட்டு வாசலில் நின்ற தம்பியின் பைக்கைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

விசாரணை முடிகிறவரை தெருவுக்கே கேன் நிறுத்தம். என் வேனுக்கும் ஓட்டம் நிறுத்தம்.

நேரே அவன் வீட்டுக்குப் போனேன். கோபத்தில் எனக்குக் கண்ணே தெரியவில்லை. "டேய் மடையா! ஊத்துறதுதான் ஊத்துன, டீசலா ஊத்தக் கூடாது?" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் என்ன கத்தினேன் என்று எனக்கே உறைத்தது. பின்னாலேயே வந்த வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

தம்பி சிரிக்கவில்லை. "என்னை என்னக்கா பண்ணச் சொல்ற? தண்ணி வேணும்னா அவ யோசிச்சு யோசிச்சுக் குடிக்கிறா. உதடெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. கிணறு நல்லா இருக்குங்கற ஒரே பாவத்துக்கு எனக்கு ஒரு சொட்டு இல்லைங்கறான். சரி, கெட்டுப்போன கிணறுதானே வேணும் உனக்குன்னு ஊத்திட்டேன்."

ஊற்றும்போது பாதியில் நிறுத்திவிட்டு, மிச்சத்தையும் ஊற்றினானாம்.

அவனை அடிக்கத்தான் போனேன். அடிக்கவில்லை. தலையைப் பிடித்து வயிற்றோடு வைத்துக்கொண்டேன்.

மார்ச் 13

கோழிக்காரர் தம்பி வாசலில் நின்று காட்டுக் கத்தல் கத்தினார். "உன் ஒருத்தன் புத்தியால தெருவே நாக்கு வறண்டு கிடக்குடா! குறுக்குப் புத்திக்காரா!" தம்பி கதவைத் திறக்கவே இல்லை. நான் திறந்தேன், என் வீட்டுக் கதவை. "கத்தினது போதும். வீட்ல இருக்கற டிரம்மெல்லாம் எடுத்து வெளிய வைங்க" என்றேன்.

வேனை எடுத்துக்கொண்டு நகரத்துப் பொதுக்குழாய்க்குப் போனேன். கிடங்குக்காரன் கொடுத்தால்தான் தண்ணீரா? வரிசையில் நின்று, சண்டை போட்டு, நிரப்பி வந்தேன். எல்லா வீட்டிலும் இறக்கினேன். கேன் கிடைத்த வீடு, கிடைக்காத வீடு எல்லாம் ஒன்றுதான். கோழிக்காரர் வீட்டிலும் இறக்கினேன். வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 14

மறுபடியும் மூன்று நடை. கை தோளோடு கழன்றுவிடும் போலிருக்கிறது. கழலட்டும்.

மார்ச் 17

கிடங்கு அலுவலகத்தில் கூட்டம். மின்விசிறிக்கு அடியில் அவர்கள், வெயில் விழுகிற பக்கம் நாங்கள்.

தம்பி தான்தான் ஊற்றியதாகக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் நாளையிலிருந்து கேன். அதோடு விட்டிருந்தால் நானே அவன் கையைப் பிடித்துப் போட வைத்திருப்பேன். மூணுபேனா அடுத்து ஒன்று சொன்னார்: "ஒருத்தர் ஊத்தியிருக்கார்னா, மத்த கிணறுல யார் யார் என்னென்ன ஊத்தினாங்களோ? அதையும் நாங்க யோசிக்கணும் இல்லையா?"

ஓகோ. அங்கே வருகிறார்களா? இன்றைக்கு இவன் கையெழுத்து, நாளைக்குத் தெரு முழுக்கத் திருடர்கள். அவர்கள் தொட்டியில் ஓட்டையே இல்லை என்று ஆகிவிடும்.

எங்கள் ஆட்களுக்கு அது காதில் ஏறவில்லை. "போட்டுத் தொலைடா" என்கிறார்கள். தாகம். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. தம்பி பேனாவுக்குக் கை நீட்டிவிட்டான்.

நான் எழுந்தேன்.

"ஊத்தினான் சார். என் தம்பிதான் ஊத்தினான். ஊரறியச் சொல்றேன். இப்ப நீங்க அந்தக் கிணத்தை இறைங்க. அடி மண்ணு தெரியற வரைக்கும் இறைங்க. அவன் ஊத்தினது மொத்தமும் வெளிய போகட்டும். அப்புறம் புதுசா ஊறுற தண்ணியை எங்க எல்லார் முன்னாடியும் எடுத்துச் சோதிங்க. சுத்தமா இருந்துச்சுன்னா அவனும் கையெழுத்துப் போடுவான், அவனுக்குக் கீழ நானும் போடறேன். தெருவுல ஒருத்தரும் கேன் கேட்க மாட்டோம்."

"அதெப்படி நீ சொல்லலாம்?" என்று பின்னாலிருந்து கோழிக்காரர். நான் திரும்பவில்லை.

மூணுபேனா சிரித்தார். அவருக்கென்ன, போன வருடச் சோதனை கையில் இருக்கிறது. "செலவு எங்களோடது. தாராளமா இறைச்சிடலாம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் யோசிக்கிறேன். சுத்தமாக இருந்துவிட்டால்? தெருவின் தலையில் நானே கல்லைப் போட்டவள் ஆவேன். அப்படியென்றால் நான் இப்போது எதை வேண்டிக்கொள்கிறேன்? என் தம்பி கிணறு கெட்டிருக்க வேண்டும் என்றா? இப்படி ஒரு அக்கா எங்காவது உண்டா?

உண்டு. இங்கே இருக்கிறாள்.

மார்ச் 20

இறைத்தார்கள். பம்பு வைத்து டேங்கரில் ஏற்றினார்கள். முதல் டேங்கரில் பெட்ரோல் நெடி தூக்கியடித்தது. தம்பி தலையைக் குனிந்துகொண்டான். இரண்டாவதில் குறைந்தது. கடைசியில் நெடி இருந்ததா இல்லையா என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

அடி தெரிந்தது. ஒரு பிளாஸ்டிக் வாளி, இரண்டு பெயிண்ட் பிரஷ், ஒரு செருப்பு. வாளி என்னுடையது என்று கோழிக்காரர் உரிமை கொண்டாடினார். அந்த நிலைமையிலும் நாலு பேர் சிரித்தார்கள்.

மூணுபேனா கிணற்று வாய்க்குத் தட்டி வைத்து மூடி, பூட்டுப் போட்டு, சாவியை எடுத்துக்கொண்டார். நான் என் பங்குக்கு இன்னொரு பூட்டுப் போட்டு, சாவியைத் தாலியோடு முடிந்துகொண்டேன்.

மார்ச் 21, சனி

இரண்டு பூட்டையும் திறந்தோம். தண்ணீர் இடுப்பளவு ஊறியிருந்தது.

தம்பிதான் முதலில் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. நான் போய்த் தோளைப் பிடித்தேன். அப்போது எனக்கும் வந்தது. என் வீட்டுக் கிணற்றில் தினமும் நான் முகர்கிற அதே நாற்றம். வெயில் பட்ட இடத்தில் தண்ணீர் மேல் கலர் கலராக ஒரு படலம்.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மூணுபேனாகூட. குப்பிக்காரி குப்பியை இறக்கினாள். கயிறு சுவரில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மார்ச் 29

முடிவு வந்துவிட்டது. டீசல். கிடங்கு டீசல். என் கிணற்றில் இருப்பதும் அவன் கிணற்றில் இருப்பதும் ஒன்றேதான். இன்றிலிருந்தே எல்லா வீட்டுக்கும் கேன், தம்பி வீட்டுக்கும் சேர்த்து.

ஓடிப்போய் அவனிடம் சொன்னேன். கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்திருந்தான். "ஜெயிச்சுட்டோம்டா!"

"என்னத்தக்கா ஜெயிச்சோம்?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் அழுதான். நான் ஊத்தினேனே, அதான் இப்படி ஆச்சு, என்று சின்னப் பிள்ளை மாதிரி. முட்டாள், நீ ஊற்றியது போய்விட்டது, இது அவர்கள் ஊற்றியது என்றேன். அவனுக்கு அது ஆறுதலாக இல்லை. எனக்கும் இல்லை.

குப்பிக்காரியிடம் தனியாகக் கேட்டேன். நாங்கள் இறைத்ததால் டீசலை இழுத்துக்கொண்டதா?

"இறைச்சதுல கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்க்கா. ஆனா இறைக்கலைன்னாலும் வந்திருக்கும். சத்தமில்லாம வந்திருக்கும். சுத்தம்னு நம்பிக் குடிச்சிட்டே இருந்திருப்பாங்க."

தம்பி பெண்டாட்டியிடம் இதைச் சொன்னேன். நான் அப்பவே சொன்னேன் பார்த்தீர்களா என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு டம்ளர் கேன் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தாள். குடித்துவிட்டு, "இன்னொண்ணு குடிக்கட்டுமா அண்ணி?" என்று கேட்டாள். "குடம் குடமா குடிடி" என்றேன்.

ஏப்ரல் 23

எப்போதடா ஒரு நாள் நிம்மதியாக எழுதலாம் என்றிருந்தேன்.

கேன் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லையாம். நகரத்துக் குடிநீர்க் குழாயைத் தெருவுக்குள் இழுத்து, கிடங்கு செலவிலேயே வீட்டுக்கு வீடு இணைப்புத் தரப்போகிறார்கள். நல்லது. ஒரு வீடு தவிர.

"அவர் கிணத்துல அவரே எரிபொருள் கலந்தது பதிவாகியிருக்கும்மா. என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்கிறார் மூணுபேனா. அவன் ஊற்றியதைத்தான் இறைத்தாயிற்றே, மிச்சம் இருப்பது உங்களுடையதுதானே என்று தொண்டை கிழியக் கத்தினேன். பதிவாகியிருக்கிறது, பதிவாகியிருக்கிறது. வேறு சொல்லே தெரியாதா அந்த மனுஷனுக்கு?

"விடுக்கா. நான் செஞ்சதுக்கு நான் அனுபவிக்கறேன்" என்கிறான் தம்பி. விடமாட்டேன். என்ன செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை, விடமாட்டேன் என்பது மட்டும் தெரிகிறது. என் குழாயிலிருந்து சுவர் வழியாக அவனுக்கு ஒரு குழாய் போடலாம் என்கிறார் வீட்டுக்காரர். அவன் என்ன என் வீட்டு மிச்சத்துக்குக் காத்திருக்கிறவனா? அவன் வாசலில் அவன் குழாய் வர வேண்டும்.

தெருவில் யாரிடமும் நான் உதவி கேட்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? ஒரு தடவை அவர்கள் வாய்த் தண்ணீரைப் பணயம் வைத்தது போதும்.

ஏப்ரல் 30

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். அழுகிற அழுகையைப் பார்த்தால் அத்தையைக் கொண்டு பிறந்திருக்கிறது.

மே 12

இன்று நடந்ததை எப்படி எழுதுவது?

குழாய் போடுகிறவர்கள் மண்வெட்டியும் இயந்திரமுமாக வந்து இறங்கினார்கள். தெருமுனையில் முதல் வீடு கோழிக்காரருடையது. அவர் வாசலை அடைத்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வேனைத் துடைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் குழாய் தனக்குத்தான் என்று அலைகிறார் பார் என்று நினைத்தேன்.

"பெயிண்டர் வீட்டுக்கு உண்டா?" என்று மேஸ்திரியிடம் கேட்டார்.

"அந்த வீடு எங்களுக்குச் சொல்லலையே."

"அப்ப எனக்கும் வேண்டாம். வெயில் ஏறுது, கிளம்புங்க."

மேஸ்திரி விளையாட்டென்று நினைத்து அடுத்த வீட்டுக்குப் போனார். அந்த வீட்டம்மா, அன்றைக்கு என்னைப் பார்த்துக் கதவைச் சாத்தியவள்தான், கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளேயிருந்து, "அவரு சொன்னதுதான் நானும்" என்றாள். அதற்கு அடுத்த வீடும் அதையேதான் சொன்னது. மேஸ்திரி என் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் நான் அழுது முடித்திருந்தேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

பிறகு கோழிக்காரரிடம் போய் நின்றேன். அவரே சொன்னார்.

"அவன் செஞ்சது தப்புதான். இப்பவும் சொல்றேன், மடப்பய. ஆனா அந்த மடப்பய ஊத்தலைன்னா அந்தக் கிணத்தை எவன் இறைச்சுப் பாத்திருப்பான்? சுத்தம்னு நம்பிக் கோடையில தெருவே அதை மொண்டு குடிச்சிருக்கும்." நாற்காலியை ஓரமாக நகர்த்திக்கொண்டே, "நான் அவன் வாசல்ல நின்னு பேசினது ஜாஸ்தி" என்றார். பிறகு கோழிக்குத் தீனி போடப் போய்விட்டார்.

மே 15

மேஸ்திரி ஆட்கள் மரத்தடியில் படுத்துக் கிடக்கிறார்கள். கூலி ஓடுகிறதாம். ஓடட்டும். தெருவே இன்னும் கேனில்தான் குடிக்கிறது. நான்தான் கொண்டுவந்து இறக்குகிறேன். இன்று ஒருவர்கூட முகத்தைத் திருப்பவில்லை.

மே 19

மூணுபேனா வந்தார். வேலை நின்றுபோனதில் மேலிடத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார் போல. வீடு வீடாகப் போய்ப் பேசினார், தனித்தனியாகப் பேசினால் மசிவார்கள் என்று. கடைசியில் என்னிடம் வந்தார். "நீங்க சொன்னா கேப்பாங்கம்மா."

"நான் சொல்லலையே சார். சொல்லியிருந்தாத்தானே மாத்திச் சொல்ல?"

மே 28

தம்பி வீட்டையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டு இன்று தோண்ட ஆரம்பித்தார்கள். தெருமுனையிலிருந்து அல்ல, நடுத்தெருவில், தம்பி வாசலிலிருந்து. குழாய் முனையிலிருந்துதானே வரணும், நடுவுல தோண்டி யாருக்கு என்ன லாபம் என்று மேஸ்திரி புலம்பிக்கொண்டே இருந்தார். லாபம் ஒன்றும் இல்லைதான். முதல் குழி அங்கே விழுந்தால்தான் மற்ற வாசலில் மண்வெட்டி படலாம் என்று தெரு சொல்லிவிட்டது.

குழாய் வந்துவிட்டால் என் வேனுக்கு இந்த ஓட்டம் இல்லை. வேறு சுமை கிடைக்கும்.

தம்பி வேலைக்குப் போகவில்லை. கொஞ்ச நேரம் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி, மேஸ்திரி ஆளிடமிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டு குழிக்குள் இறங்கினான். எதிர்த்த வீட்டுக்காரர் கூடையை எடுத்துக்கொண்டு வந்தார். தம்பி வெட்டிப் போட, அவர் மண்ணை வாங்கி மேலே கொட்டிக்கொண்டிருந்தார்.